கடல் அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல்

விலங்கியல் செயல்முறை வகுப்பில் ஆக்டோபஸ் நமக்கு ஒரு கண்ணாடிச் சாடிக்குள்தான் அறிமுகமாகிறது. ஃபார்மலினில் ஊறி வெளுத்த அந்த உடலைப் பார்த்து எட்டுக் கைகளையும் உறிஞ்சிகளையும் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஆசிரியரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்கிறோம். அதே உயிருக்குப் பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் பேய்க்கணவாய் என்று பெயர். சாடியிலிருந்து கடற்கரைக்கு நடந்து சென்ற அறிஞர்கள் சிலரே. அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

ஹார்னெல் 1865 இல் பிறந்தவர். இளமையில் ஜெர்சித் தீவில் ஜோசப் சினெல் என்பாருடன் சேர்ந்து ஒரு கடலுயிர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். 1902 இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளைச்சல் ஏன் அடிக்கடி பொய்க்கிறது என்று ஆராய இலங்கைக்கு வந்தபோது, உதவியாளராக உடன் வந்தார். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார், ஹார்னெல் தங்கிவிட்டார். அந்த ஆய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம் பருவமே முத்துக்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். பின்வந்த ஆராய்ச்சி அதை ஏற்கவில்லை. கோட்பாட்டில் சறுக்கினாலும் கண்ணால் கண்டதைக் குறிப்பதில் ஹார்னெல் சறுக்கியதில்லை என்பது என் எண்ணம்.

சர் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907 இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு ஏற்பட்டது. அதில் சேர்ந்த ஹார்னெல் 1918 முதல் 1924 வரை அதன் இயக்குநராக விளங்கினார். மெரினாவில் 1909 இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்ட மீன் காட்சிசாலையும் அவர் காலத்தில்தான் இத்துறையின் பொறுப்புக்கு வந்தது. மயிலாப்பூர்வாசிகளில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது?

அவர் வகித்த பதவி வருவாய் சார்ந்த பதவி என்பதை மறைக்க வேண்டியதில்லை. சங்குக் குளிப்பு அன்று அரசின் ஏகபோகம். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர் எடுத்த சங்கு அரசுக்கே சேரும். அது வங்காளத்துக்குப் போய் வளையலாகும். அந்தச் சங்கைப் பற்றியே ஹார்னெல் 1914 இல் ஒரு பெருநூல் எழுதினார். ஆனால் கணக்குப் பார்க்கப் போன அதிகாரி, மீனவரின் தொழில்நுட்பத்தையும் பார்த்து எழுதினார்.

பாக் நீரிணையில் பேய்க்கணவாய் பிடிக்கும் முறை அவர் குறித்து வைத்தவற்றுள் ஒன்று. நீண்ட கயிற்றில் விரல்கள் போன்ற நீட்சிகளையுடைய பெரிய சங்குகளை வெறும் ஓடாக வரிசையாகக் கட்டி, ஆழமில்லாத கடலடியில் கிடத்துவார்கள். இரை வைப்பதில்லை. சில காலம் கழித்துக் கயிற்றை இழுத்தால் சங்குக்குள் பேய்க்கணவாய் சுருண்டிருக்கும். தூக்கும்போது அது வெளியே பாய்வதில்லை; இன்னும் உள்ளே ஒடுங்கும்.

ஏன் அப்படி? இங்கேதான் பாடப்புத்தகம் துணைக்கு வருகிறது. சங்கும் சிப்பியும் கணவாயும் மெல்லுடலிகள் என்னும் ஒரே குலம். சங்குக்கு ஓடு உண்டு. ஆக்டோபஸின் முன்னோர் ஓட்டை இழந்துவிட்டனர். எலும்பும் இல்லை. கிளியின் அலகு போன்ற வாய் நுழையும் துளையில் முழு உடலும் நுழைந்துவிடும். மூன்று இதயங்கள், செம்பு கலந்த நீல இரத்தம், நொடியில் மாறும் நிறம், எதிரியை ஏமாற்ற மை. சாதாரண ஆக்டோபஸ் ஒன்றில் ஏறத்தாழ 50 கோடி நரம்புச் செல்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருப்பதால் ஒவ்வொரு கையும் தானே துழாவித் தானே சுவைத்தறியும். இத்தனை இருந்தும் வெற்றுடம்புக்கு அச்சம்தான். பகலில் ஒடுங்க ஒரு பொந்து வேண்டும். பெண் அப்பொந்தில் முட்டையிட்டு, உண்ணாமல் காத்து, குஞ்சு பொரித்ததும் மடியும். இந்த வீட்டு ஆசையைத்தான் அந்தச் சங்குக் கயிறு பயன்படுத்திக்கொள்கிறது. ஜப்பானியர் மண்குடத்தை இறக்குவதும் இதே சூத்திரம். கயிற்றில் முதல் சங்கைக் கட்டியவர் எந்த விலங்கியல் வகுப்பிலும் உட்கார்ந்தவரல்லர். அவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

சென்ற மார்கழியில் நாங்கள் நால்வர் விடியற்காலையில் பட்டினப்பாக்கம் போனோம். வலையில் சிக்கிய சிறு பேய்க்கணவாய் ஒன்றை ஒரு பெரியவர் வாளியில் விட்டுக் காட்டினார். நாங்கள் குறிப்பேட்டைத் திறப்பதற்குள் அது கருஞ்சிவப்பாகி, வெளிறி, வாளி விளிம்பைத் தாண்டி மணலில் இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் அடையாறு பெருகிக் கடலில் கலக்கும்போது இது முகத்துவாரத்துப் பக்கமே வராது என்றார் அவர். நன்னீர் கலந்த உப்புக் குறைந்த நீரைத் தலைக்காலிகள் தாங்கா என்பதை நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தோம், பார்த்ததில்லை.

ஹார்னெலின் பார்வை உயிரினத்தோடு நிற்கவில்லை. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும் பிற படகுகளையும் ஆராய்ந்து 1920 இல் எழுதினார். நம் பரதவரின் படகுகளில் பாலினீசியச் செல்வாக்கு உண்டு என்ற அவர் முடிவை இன்று பலர் ஏற்பதில்லை. ஓய்வு பெற்றதும் அறுபதை நெருங்கிய வயதில் செயின்ட் ஜார்ஜ் என்னும் ஆய்வுக் கப்பலில் பசிபிக் கடலுக்குப் போனார். ஹாடனுடன் சேர்ந்து ஓஷியானியாவின் ஓடங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார்; நீர்வழிக் கலங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் 1946 இல் வெளிவந்தது.

1949 இல் ஹார்னெல் மறைந்தார். பல கடல்களின் மீன்பிடி முறைகளைத் தொகுத்து அவர் எழுதிய கடைசி நூலை மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது.