வாசகரை நாடிய நூலகர்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த அரங்கநாதன், நூலகத்தை விரும்பி அத்துறைக்கு வந்தவர் அல்லர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் நடுவே வாழ்ந்து பழகியவருக்கு அந்நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. சில நாள்களிலேயே கல்லூரி முதல்வரிடம் சென்று பழைய பணியை வேண்டி நின்றார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின்னரும் மனம் மாறவில்லையெனில் வரலாம் என முதல்வர் தேற்றி அனுப்பினார்.

இலண்டனில் நூலகவியல் பயின்ற அரங்கநாதன், அந்நாட்டு நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். சிறுவரும் தொழிலாளரும் அங்கே உரிமையோடு வந்து செல்வதைக் கண்டார். தாம் பிரிந்துவந்த மாணவர்கூட்டம் நூலகத்திலும் உண்டு என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. 1925இல் தாயகம் திரும்பியவர் ஆசிரியப் பணியை மீண்டும் கேட்கவில்லை.

நூலைக் காப்பதே நூலகரின் கடமை எனக் கருதப்பட்ட காலம் அது. அரங்கநாதனோ நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார்; நூலகம் இயங்கும் நேரத்தையும் நீட்டித்தார். ஆயினும், கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். எண்ணற்ற நூல்களுக்கிடையே திகைத்து நிற்கும் புதியவர், வேண்டியது இன்னதென்று சொல்லத் தெரியாமலே திரும்பிவிடக்கூடும். அத்தகையோரை நூலகர் தாமே அணுகவேண்டும். பொறுமையாகப் பேசி, அவர் சொன்னதிலிருந்து சொல்லாததையும் உணர்ந்து, உரிய நூலைக் கையில் சேர்க்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்யும் இவ்வுதவியை நூலகப் பணியின் உயிராகவே அவர் கருதினார். இளமையில் பேச்சுத் திக்கலோடு போராடியவர் அவர். வாய்திறந்து கேட்கத் தயங்குவோரின் துயரம் அவருக்கு எளிதில் விளங்கியிருக்கும் என எண்ண இடமுண்டு.

இச்சிந்தனையே 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்னும் நூலில் முழுவடிவம் பெற்றது. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைப்பதையும், அவரது நேரம் வீணாகாமல் காப்பதையும் அவர் விதிகளாகவே வகுத்தார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களைத் தேடிச் சென்றது. நூலகத்துக்கு வர இயலாதவரும் வாசகரே அல்லரோ! 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அவர் பெயரை உலகறியச் செய்தது.

ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த ஓர் இலட்சம் உரூபாயை, பிற்காலத்தில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். நூலகவியல் கற்பிப்பதற்காக, துணைவியார் சாரதாவின் பெயரையும் இணைத்து அங்கே ஒரு பேராசிரியர் இருக்கை அமைந்தது. அரங்கநாதன் 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் மறைந்தார்.