லயத்து வாழ்வின் இனிமையை எழுதிவைத்தவர்: மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை (1914 – 1984)

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில், இம்மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகள் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று மலையகத்தில் மாத்திரமன்றி, கொழும்பிலும் இந்தியாவிலும் கடல் கடந்த பல நாடுகளிலும் பரந்து வாழ்கிறார்கள். எங்கே வாழ்ந்தாலும், எம்மில் பலரது குடும்பக் கதை ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில்தான் ஆரம்பிக்கிறது. எமது பாட்டிமாரும் அம்மாமாரும் அந்த லயத்தில் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், யாரோடு கூடிப் பேசினார்கள் என்பதை ஊரறிய எழுதிவைத்த பெருமகன் அமரர் சி.வி. வேலுப்பிள்ளை. ‘மக்கள் கவிமணி’ என மலையகம் போற்றும் அன்னாரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூருவதில் நாம் மகிழ்ச்சியடைகிறோம்.

சி.வி. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் திகதி வட்டகொடையை அடுத்த மடகும்புர தோட்டத்தில் கங்காணி குடும்பமொன்றில் பிறந்தார். அந்நாளில் கங்காணி என்றால் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவருபவர், கடன் கொடுப்பவர், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர். கங்காணி வீட்டுப் பிள்ளைக்கு லயத்துப் பிள்ளைகளை விட்டு விலகி வளர எல்லா வசதியும் இருந்தது. சி.வி. விலகவில்லை. சிறு வயதில் காதில் விழுந்த தப்பொலியும் தாலாட்டும் காமன் கூத்துப் பாட்டும் கடைசிவரை அவரோடு இருந்தன.

அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் பின்னர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் அவர் கல்வி கற்றார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகக் கைவந்தது. அக்காலத்தில் தோட்டத்தில் ஆங்கிலம் என்பது துரையின் மொழி. பங்களாவிலும் ஒபிசிலும் மட்டும் புழங்கிய மொழி. அந்த மொழியிலேயே அவர் கவிதை எழுதத் தொடங்கினார். 1934இல் மகாகவி இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயதையும் எட்டாத சி.வி. தாம் எழுதிய ‘விஸ்மாஜினி’ என்ற இசை நாடகத்தை அவரிடம் கையளித்தார். தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒருவர் உலகக் கவியின் முன் தமது நூலோடு நின்றது அந்நாளில் சிறிய காரியமன்று.

எழுத்தோடு அரசியலும் அவரை அழைத்தது. இலங்கை இந்திய காங்கிரசில் இணைந்து தொழிலாளர் மத்தியில் பணியாற்றினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் போட்டியிட்டு வெற்றி பெற்றார். அத்தேர்தலில் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சி.வி.யும் பங்குகொண்டார். ஆயினும் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு அந்த ஆண்டுத் தேர்தலில் வாக்கு இருக்கவில்லை.

இந்த இருண்ட ஆண்டுகளிலேதான் அவரது புகழ்பெற்ற ஆங்கில நெடுங்கவிதை ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ 1954இல் வெளிவந்தது. பின்னர் சக்தீ அ. பால-அய்யா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்ற பெயரில் தமிழாக்கினார். இன்று மலையக இலக்கியம் என்று பேச்செடுத்தால் அந்நூலைச் சொல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. மலைச்சரிவுகளை உருவாக்கிய உழைப்பும், அந்த மண்ணிலேயே அடையாளமில்லாமல் அடக்கமான முன்னோரின் நினைவும் அதில் நிறைந்துள்ளன. சட்டம் அந்நியர் என்று சொன்ன மக்கள் இம்மண்ணோடு எவ்வளவு நெருக்கமானவர்கள் என்பதை அக்கவிதை உலகுக்குக் கூறியது.

துன்பத்தைச் சொன்னதால் மட்டும் சி.வி. பெரியவராகிவிடவில்லை. தோட்டத்து மக்களின் அன்றாட வாழ்வில் இருந்த இனிமையையும் அவர் அதே அக்கறையோடு கண்டார். 1970இல் குணசேன நிறுவனம் வெளியிட்ட ‘போர்ன் டு லேபர்’ என்ற ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களையும் அவர்களது வழக்கங்களையும் சொற்சித்திரங்களாகத் தீட்டினார். அரசாங்க அறிக்கைகளில் தொழிலாளி ஓர் எண்ணாக இருந்தார். இந்நூலில் அவருக்குக் குடும்பமும் குணமும் கோபமும் குறும்பும் வந்துசேர்ந்தன.

அந்த வாழ்வு எத்தகையது என்பதை எமது இளைய தலைமுறைக்காக இங்கே சிறிது கூற வேண்டும். பழைய லயக் காம்பரா ஏறக்குறைய பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, நோய், விருந்து எல்லாம் அதற்குள்தான். ஒரு காம்பராவில் பிள்ளை அழுதால் அடுத்த காம்பராவில் கேட்கும். அந்த நெருக்கத்தில் சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் விறகு இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு விறகு போனதும், அடுப்பு மூட்ட நெருப்புத் துண்டு கைமாறியதும், காய்ச்சலில் கிடந்தவளின் பிள்ளைகள் அயல் வீட்டில் ரொட்டி தின்றதும் அதே நெருக்கத்தினால்தான்.

பெண்களுக்குப் பீலிக்கரை ஒரு பெரிய ஆறுதல். தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் குளிக்கவும் கூடும் இடத்தில் ஊர்க்கதை முழுவதும் பேசி முடியும். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையில் நிற்பவள் பெரும்பாலும் உற்ற தோழியாக இருப்பாள். படங்கைச் சுற்றிக் கட்டி, தலையில் கூடைக்கயிறு இறுக, மழையில் நனைந்தபடி நின்றாலும் ஒருத்தி கேலியாக ஒரு பாட்டெடுத்தால் மற்றவள் பதில் கொடுப்பாள். மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு இருவரும் சேர்ந்தே வீடு திரும்புவார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து வந்தால் தோட்டமே விழித்திருக்கும்.

இந்தப் பெண்களின் பாடல்களுக்குள் ஒரு சமூகத்தின் வரலாறு இருக்கிறது என்பதை சி.வி. உணர்ந்திருந்தார். அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவரது சேகரிப்பு 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக வெளிவந்தது. தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரை ஒரு மனித வாழ்க்கை முழுவதும் இத்தகைய பாடல்களுக்குள் அடங்கும். கண்டிச் சீமைக்கு நடந்துவந்த வழியின் களைப்பும், பிறந்த ஊரின் ஏக்கமும், கங்காணியைப் பற்றிய நையாண்டியும், மச்சானை எண்ணிய ஆசையும் அவற்றில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட எமது பாட்டிமாரே அவற்றை இயற்றியவர்களும் காத்தவர்களும் ஆவர். கங்காணி வீட்டுப் பிள்ளையாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆங்கிலக் கவிஞராகவும் விளங்கிய ஒருவர், அப்பெண்களின் பாட்டை நூலாக்கும் பணியைத் தமது பெரும் பணிகளில் ஒன்றாகக் கொண்டார் என்பதைப் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த ஒரு பாடசாலையின் பழைய மாணவிகளாகிய நாம் மறக்கலாகாது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தோட்ட மக்கள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், ஆகவே அவர்களுக்குக் குறையொன்றுமில்லை என்று கூறியவர்கள் உண்டு. மறுபுறம், லயத்தில் கண்ணீரைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்று எண்ணுபவர்களும் உண்டு. முதற் பேச்சைக் கேட்டால் அநீதி மறைந்துவிடும். இரண்டாவதைக் கேட்டால் அங்கே வாழ்ந்த மனிதர்கள் மறைந்துவிடுவார்கள். சி.வி. இவ்விரண்டையும் ஏற்கவில்லை. பாட்டைச் சேர்த்த அதே கையால்தான் அவர் ‘வீடற்றவன்’ நாவலையும் எழுதினார். தொழிற்சங்கம் அமைக்கப் புறப்பட்ட தொழிலாளி ஒருவனின் கதை அது. வேலை போனால் காம்பராவும் போகும் என்பதே அன்றைய தோட்டத்து நியதி. மூன்று தலைமுறை வாழ்ந்து, சாணம் மெழுகி, கோலம் போட்டு, பிள்ளை பெற்று வளர்த்த வீடு என்றாலும் அது தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டின் இனிமையை நன்கு அறிந்தவராகையால்தான் அந்த வீடு உரிமையில்லாத வீடு என்ற கொடுமையை அவரால் அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு நேர்ந்தது பின்னர் நட்புக்கும் நேர்ந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு விடப்பட்டது. எண்களாகப் பார்த்தால் கணக்கு முடிந்துவிடும். லயத்தில் அது அப்படி முடியவில்லை. அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று விதி பிரித்தது. பக்கத்து நிரைத் தோழிகள் இரு நாடுகளுக்குப் பிரிந்தார்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு எம்மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். சென்றவர்களில் பலர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் மீண்டும் கூலி வேலைக்கே போனார்கள். இப்படி அலைக்கழிக்கப்பட்ட மக்களின் வரலாற்றையும் சி.வி. எழுதினார். ‘நாடற்றவர் கதை’ என்ற அந்நூல் அவரது மறைவுக்குப் பின் 1987இல் வெளிவந்தது.

பிற்காலத்தில் வி.கே. வெள்ளையன் தோற்றுவித்த தொழிலாளர் தேசிய சங்கத்தில் இணைந்து பணியாற்றிய சி.வி., ‘மாவலி’ என்ற சஞ்சிகையின் ஆசிரியராகவும் இருந்தார். மலையகத்தின் இளம் எழுத்தாளர்களுக்கு அவர் வழிகாட்டியாக விளங்கினார். அவர்களுள் ஒருவரான சாரல்நாடன் பின்னாளில் சி.வி.யைப் பற்றி நூலே எழுதினார். 1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி, தமது எழுபதாவது வயதில், சி.வி. இவ்வுலக வாழ்வை நீத்தார். தாயகம் திரும்பியோரை ஏற்றிய தலைமன்னார்க் கப்பற் பயணம் நின்றுபோனதும் அதே ஆண்டில்தான். தமது மக்களில் எஞ்சியோருக்கு இந்நாட்டின் பிரசாவுரிமை முழுமையாகக் கிடைத்ததைக் காண அவர் இருக்கவில்லை.

அன்புச் சகோதரிகளே, இன்று எம்மில் ஆசிரியைகளும் தாதியரும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் இல்லத்தரசிகளும் இருக்கிறோம். லயத்தில் பிறந்தேன் என்று சொல்லத் தயங்கும் பிள்ளைகளையும் நாம் காண்கிறோம். அத்தயக்கத்துக்கு மருந்து சி.வி.யின் நூல்களில் இருக்கிறது. பத்தடிக் காம்பராவில் இருந்துகொண்டு உறவையும் நட்பையும் பாட்டையும் பேணிய பெண்களின் பேத்திகள் நாம். இது வெட்கப்பட வேண்டிய வம்சமன்று.

சி.வி. சேர்த்த பாடல்களின் எண்ணிக்கையைவிட அவர் காலத்தில் பாடப்பட்ட பாடல்கள் பன்மடங்கு. சேராதவை பாடியவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சகோதரியிடமும் இம்மலரின் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த அம்மாவோ பாட்டியோ சித்தியோ இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது அவர் பாடிய தாலாட்டைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவருடைய நிரைத் தோழியின் பெயர் என்ன, எந்த டிவிசன், எத்தனையாம் இலக்க லயம் என்று கேட்டு எழுதிவையுங்கள். அத்தோழி இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ அவரும் இதே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.