மழையின் வரவை முன்னறிய முயன்ற கணித அறிஞர் சேர் கில்பர்ட் வோக்கர்

பெரும்போக மழை ஒரு வருடம் பொய்க்கின்றது. மறுவருடம் விளைந்த வயலையே மூழ்கடிக்கின்றது. காலநிலை மாற்றத்தின் தாக்கம் இவ்வாறு வாசல் வரை வந்துவிட்ட வேளையில், விஞ்ஞான ஆய்வுகளால் சாதாரண மக்களுக்கு விளையும் பயன் யாது என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கான விடையை, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இந்தியாவில் பணியாற்றிய சேர் கில்பர்ட் வோக்கரின் வாழ்வில் நாம் காணலாம்.

1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் பிறந்த வோக்கர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1889இல் கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்றவர். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங்கின் இயக்கத்தைக் கணிதத்தால் விளக்கியவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. வானிலைத் துறையில் முறையான பயிற்சி எதுவும் பெற்றிராத அவரே, 1904இல் இந்திய வானிலை ஆய்வுத் திணைக்களத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அப்பொறுப்பு இலகுவானதன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் உலுக்கி, ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டது. பசியால் விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல கடல் கடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த காலமும் அதுவே. மலையக மக்களின் வரலாற்றில் அப்பஞ்சத்தின் சுவடு இன்றும் அழியவில்லை. மீண்டும் 1899இல் பருவமழை பொய்த்தபோது, அதனை முன்கூட்டியே உணர்த்த வானிலை அதிகாரிகளால் இயலவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் எண்களைக் கொண்டு தேடுவதே வோக்கர் தெரிந்தெடுத்த வழியாகும். உலகின் பல பாகங்களிலுமுள்ள நிலையங்கள் பதிந்துவைத்த வளியமுக்கம், வெப்பநிலை, மழைவீழ்ச்சி ஆகியவற்றுடன் நைல் நதியின் வெள்ள அளவுகளையும் அவர் திரட்டினார். கணினி இல்லாத அக்காலத்தில், இந்திய இலிகிதர்கள் ஆண்டுக்கணக்காக அமர்ந்து அவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கைகளாலேயே கணக்கிட்டனர். பசுபிக் சமுத்திரத்தில் வளியமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பக்கத்தில் அது தாழ்கின்றது, அங்கு தாழும்போது இங்கு உயர்கின்றது என்ற உண்மை இவ்வாறே வெளிப்பட்டது. தராசின் இரு தட்டுக்களைப் போன்ற இந்த ஊசலாட்டத்துக்குத் தென் அலைவு என்று அவர் பெயரிட்டார்.

எண்களுக்கிடையே தொடர்பைக் காணும் அக்கண்கள் மனிதரின் திறமையையும் இனங்கண்டன. 1913இல் சென்னைக்கு வந்த வோக்கர், துறைமுகத்தில் இலிகிதராயிருந்த இராமானுஜனின் கணிதக் குறிப்புக்களைக் கண்டு வியந்து, அவருக்கு ஆய்வு வசதி அளிக்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மாதம் 75 ரூபா உதவித்தொகை இராமானுஜனுக்குக் கிடைப்பதற்கு அப்பரிந்துரை துணைநின்றது.

1924இல் சேர் பட்டத்துடன் இந்தியாவை விட்டுச் சென்ற வோக்கர், 1934 வரை இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகக் கடமையாற்றினார். எனினும், அவருடைய மழை எதிர்வுகூறல்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பலிக்கவில்லை. தொடர்பைக் காட்டினாரேயன்றிக் காரணத்தைக் காட்டவில்லை என்று அறிஞர் சிலர் குறைகூறினர். தமது முறையின் எல்லையை வோக்கர் நன்கறிந்திருந்தார். உறுதியான எதிர்வுகூறல் என்ற சொல்லைத் தவிர்த்து, வருவதன் நிழலை முன்காட்டுதல் என்ற பொருள்தரும் சொல்லையே அவர் விரும்பிக் கையாண்டார். மக்களின் உயிரோடு தொடர்புடைய விடயத்தில் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே கோடு கிழித்த அந்த நேர்மை போற்றற்பாலது.

1958 நவம்பர் 4ஆம் திகதி அவர் காலமானார். அவர் தேடிய காரணம் அதன் பின்னரே துலங்கியது. பசுபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பு வெப்பமடையும் எல் நினோ நிகழ்வும் தென் அலைவும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்கள் என 1969இல் விளக்கிய ஜேக்கப் பியர்க்னஸ், அங்குள்ள காற்றோட்டத்துக்கு வோக்கர் சுற்றோட்டம் என்றே பெயர் சூட்டினார்.

இன்று எல் நினோவின் வரவைப் பல மாதங்களுக்கு முன்னரே ஓரளவு அறிய முடிகின்றது. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் போக்குடைய அதே எல் நினோ, இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையை அதிகரிக்கச் செய்யும் போக்குடையது. கிளிநொச்சியிலும் சம்மாந்துறையிலும் பெரும்போகத்துக்கு வயலை உழும் விவசாயிக்கு இவ்வறிவு எத்துணை பெறுமதியானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும், அறிவு மட்டும் பசியைத் தீர்க்காது. 1877இல் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோதும் இந்தியாவிலிருந்து தானியங்கள் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன என்பது வரலாறு. எதிர்வுகூறல் உரிய வேளையில், விளங்கும் மொழியில், கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் சென்றடைய வேண்டும்; அதனை ஏற்றுச் செயற்படும் நிருவாகமும் வேண்டும். அதற்கு அடித்தளமாக, நாள்தோறும் மழைமானியைப் பார்த்துப் பதிவுசெய்யும் ஊழியரின் பணியும் மதிக்கப்பட வேண்டும். முகமறியாத பலர் எழுதிவைத்த எண்களே வோக்கரின் மூலதனமாயிருந்தன. நாளைய ஆய்வாளருக்கு அத்தகைய மூலதனத்தை விட்டுச்செல்வது நமது தலைமுறையின் கடனாகும்.