ஒரு லட்சம் பேர் எதிர்ப்பு... ஒரு வாத்தியார் கேட்ட பரிசு!

சிவகாசிப் பக்கம் வளர்ந்தவரா நீங்க? அப்போ காதைப் பிளக்குற சத்தம் உங்களுக்குப் புதுசில்லை. ஆனா, ஒரு லட்சம் பேர் கூடி உங்க தேசிய கீதத்தையே கேட்கவிடாம கூச்சல் போட்டா எப்படி இருக்கும்? 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தாவில் அதுதான் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஃபுட்பால் ஃபைனல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் நின்ற இந்திய டீமின் கோச், சையது அப்துல் ரஹீம்.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்த ஸ்கூல் வாத்தியார் இவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்கு கோச் ஆனதும், 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பை. 1951-ல் டெல்லியில் ஆசியத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை அவங்க ஊர்லயே 4-2 என சாய்த்து, 4-வது இடம். அதுவரை எந்த ஆசிய டீமும் ஒலிம்பிக் செமி ஃபைனலைத் தொட்டதில்லை.

சரி, ஜகார்த்தாவில் ஏன் அவ்வளவு கோபம்? இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா தரவில்லை. இதை ஆசியப் போட்டியாகவே ஏற்க முடியாது என்பதுபோல் இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் ஜி.டி.சோந்தி பேச, ஊரே கொதிச்சது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. பாவம், அரசியல்வாதிகளின் சண்டைக்கு அடிவாங்கியது பந்து உதைக்க வந்த பசங்க!

எதிரே தென் கொரியா. முதல் மேட்ச்லயே இந்தியாவை 2-0 என வீழ்த்திய டீம். ஃபைனலுக்கு முந்தைய ராத்திரி ரஹீம் தன் பசங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு பரிசு... தங்கம்!

அப்புறம் துணிஞ்சு சில முடிவுகள் எடுத்தார். தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை, செமி ஃபைனல் போலவே ஃபார்வர்டு இடத்தில் இறக்கினார். கோல் போஸ்ட்டில், உடம்பு சரியில்லாமல் இருந்து திரும்பிய பீட்டர் தங்கராஜ். பேரைக் கேட்டா நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்குல்ல? ஹைதராபாத்காரர், குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் டீமில் ஆடியவர்.

ஸ்டேடியம் முழுக்க கொரியாவுக்கு ஆதரவு. ஆனா, ஒரு மூலையில் மட்டும் சிலர் இந்தியாவுக்காகக் கத்தினாங்க. யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி டீம்! அதே போட்டியின் ஹாக்கி ஃபைனலில் இந்தியாவைத் தோற்கடிச்சவங்க. மூணே வருஷத்துல ரெண்டு நாடும் போரில் மோதப்போகுது. அன்னிக்கு மட்டும், தனியா மாட்டிக்கிட்ட பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவங்கதான் குரல் கொடுத்தாங்க.

17-வது நிமிஷம் பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிஷம், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங் கோல். கடைசியில் கொரியா ஒண்ணு திருப்பியும், இந்தியா 2-1 என ஜெயிச்சது. வாத்தியார் கேட்ட பரிசு கிடைச்சிடுச்சு.

ஒன்பதே மாதத்தில், 1963 ஜூன் 11 அன்று, ரஹீமைப் புற்றுநோய் கொண்டுபோனது. அப்போ வயசு 53. அதுக்கப்புறம் ஆசியப் போட்டியில் இந்திய ஃபுட்பால் டீம் தங்கமே வாங்கலை.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது, மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் கத்த, ஓரமா ஒருத்தர் மட்டும் எதிர் டீமுக்குக் கைதட்டினா முறைக்காதீங்க. ஜகார்த்தாவில் நமக்காகவும் அப்படிச் சிலர் கைதட்டியிருக்காங்க!