தரை துடைத்த கரங்கள் பெற்ற பட்டயம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

செவிலியர் பணி என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவர், விளக்கேந்திய பெருமாட்டி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான். செல்வக் குடியிற் பிறந்தும் தொண்டை நாடி வந்தவர் அவர். எளிய குடியிற் பிறந்து, மருத்துவமனையில் தரை துடைத்து, துணி வெளுத்து, பின்பு அதே மருத்துவமனையின் பள்ளியில் மாணவியாய்ச் சேர்ந்து பட்டயம் பெற்ற இன்னொரு பெண்மணியும் உண்டு. அமெரிக்க நாட்டில் முறையான பயிற்சி பெற்றுத் தேறிய முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலிசா மஹோனி அம்மையார்தான் அவர். அவருடைய வரலாற்றை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

மேரி 1845ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் பகுதியில் பிறந்தார். பெற்றோர், தெற்கே வட கரோலினாவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வடக்கே வந்தவர்கள். கறுப்பினக் குழந்தைகளைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கத்தை மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. வெள்ளையரோடு கறுப்பரும் ஒன்றாக அமர்ந்து படித்த பிலிப்ஸ் பள்ளியில் மேரி பயின்றார். அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்தான். அப்போது மேரிக்கு வயது 20.

மருத்துவமனை ஊழியர்

பாஸ்டனில் 1862இல் தொடங்கப்பட்டது, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை. மேரி சக்ஷெவ்ஸ்கா என்ற பெண் டாக்டர் நிறுவிய அதனைப் பெண் மருத்துவர்களே நடத்தி வந்தனர். பெண் டாக்டராவதே அரிதாயிருந்த காலம் அது! அங்கேதான் மேரி ஊழியராகச் சேர்ந்தார். சமையல், துணி வெளுத்தல், தரை துடைத்தல் ஆகியவை அவருக்கிட்ட பணிகள். தேவைப்பட்டபோது நர்சுகளுக்கு உதவியாகவும் நின்றார். ஓராண்டல்ல, ஈராண்டல்ல, சுமார் 15 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இதற்கிடையில் 1872இல் அம்மருத்துவமனையிலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. மறு ஆண்டு லிண்டா ரிச்சர்ட்ஸ் என்ற வெள்ளையினப் பெண் அங்கே முதல் பட்டயம் பெற்றார். அந்தப் பள்ளியில் மேரிக்கும் 1878இல் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33. ஏனைய மாணவியர் பலரும் அவரை விட இளையவர்கள்.

பதினாறு மாதங்கள்

அந்தப் படிப்பு எத்தகையது? விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் வேலை, இரவு ஒன்பதரைக்குத்தான் முடியும். ஒரு நாளில் 16 மணி நேரம்! பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகிய வார்டுகளில் மாறி மாறிப் பணி செய்ய வேண்டும். அதனிடையே டாக்டர்களின் வகுப்புகளிலும் அமர வேண்டும். காய்ச்சலை அளப்பது, நாடி பார்ப்பது, கட்டுப் போடுவது, நோயாளிக்குரிய உணவு சமைப்பது என்று எல்லாம் பாடமே. கடைசி நான்கு மாதங்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று பணிபுரிய வேண்டும். இவ்வளவுக்கும் கிடைத்த வாரப்படி சில டாலர்கள்தாம்.

அந்த ஆண்டு அப்படிப்பை நாடி வந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையவில்லை. 16 மாதங்கள் தாக்குப்பிடித்துப் பட்டயம் பெற்றவர்களோ நால்வருக்கு மேல் இல்லை! அவர்களுள் ஒருவர் மேரி மஹோனி. அவர் தேறிய நாள் 1879 ஆகஸ்டு 1.

உயரத்தில் சிறியவர், மெலிந்த உடலினர். அவர் எவ்வாறு தேறினார்? சமையற்கட்டிலும் சலவைத் தொட்டியருகிலும் கழிந்த 15 ஆண்டுகளே அவருக்கு அடித்தளமாய் அமைந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. இரவு விழிப்பதும் நோயாளியின் முனகலும் பிறருக்குப் புதியவை, அவருக்கோ பழகியவை. உலகம் தாழ்ந்ததெனக் கருதிய வேலையே அவருக்கு முதற்பாடமாயிற்று.

இவ்விடத்தில் என் மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். நம்மில் பலரும் அப்படித்தான். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று ஊரே வாழ்த்துகிறது. இடையில் படிப்பை விட்டு வேலைக்குப் போகும் நாளிலோ யாரும் வருவதில்லை. முதலாண்டில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த சிலர் இன்று வகுப்பில் இல்லை. அவர்களுக்கு அறிவு குறைவில்லை. வீட்டு நிலைமை அப்படி. சேர்வது ஒரு வெற்றியென்றால், முடிப்பது மற்றொரு வெற்றி. அந்த இரண்டாவது வெற்றியின் அருமையை மஹோனி அம்மையாரின் வாழ்வில்தான் நான் உணர்ந்தேன்.

பட்டயத்திற்குப் பின்

பட்டயம் வந்ததும் தொல்லைகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. கறுப்பின நர்சுகளுக்கு மருத்துவமனைகளில் வேலை கிடைப்பது அரிதாயிருந்தது. ஆகவே அவர் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பேணும் தனிச் செவிலியரானார். வீட்டு வேலைக்காரியாகவே நர்சை நடத்திய குடும்பங்கள் அந்நாளில் பல. தம் தொழில் வேறு, ஏவல் வேலை வேறு என்பதை அவர் நடத்தையாலேயே உணர்த்தினார். அவருடைய திறமையும் பொறுமையும் பாஸ்டனுக்கு வெளியேயும் பரவ, பிற மாநிலங்களிலிருந்தும் அழைப்புகள் வந்தன.

தாம் ஏறிய ஏணியை அவர் எட்டி உதைக்கவில்லை. செவிலியர் சங்கங்கள் பலவும் கறுப்பினத்தவரைச் சேர்க்கத் தயங்கின. எனவே 1908இல் கறுப்பினப் பட்டதாரிச் செவிலியரின் தேசியச் சங்கம் உருவாயிற்று. பாஸ்டனில் 1909இல் கூடிய அதன் முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர் மஹோனி அம்மையாரே. செவிலியர் கல்வியில் கறுப்பினப் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியை அவர் அம்மேடையில் எடுத்துரைத்தார். சங்கம் அவரை வாழ்நாள் உறுப்பினராக்கிப் பெருமை கொண்டது. அமெரிக்கப் பெண்கள் 1920இல் வாக்குரிமை பெற்றபோது, பாஸ்டனில் முதன்முதலாகத் தம் பெயரைப் பதிவு செய்த பெண்களுள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 75!

1926ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், புற்றுநோயால் அவர் மறைந்தார். அவர் பெயரால் 1936இல் ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. அவர் துணைநின்று வளர்த்த சங்கம் 1951இல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தோடு ஒன்றாய்க் கலந்தது. தனி வாயில் தேவைப்பட்ட காலம் போய்ப் பொது வாயிலே திறந்தது!

நண்பர்களே! வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருவோர் நம்மில் பலர். அந்த உழைப்பை எண்ணி நாணவேண்டாம். படிப்பிலும் நமக்குத் துணை நிற்பது அதுவே. தொடங்கிய படிப்பை முடிப்போம். முடித்தபின், நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கையர்க்குக் கதவைத் திறந்து வைப்போம். மஹோனி அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.