கைக்காசில் கருத்தடை நிலையம் நடத்திய பேராசிரியர் கார்வே

சௌபாத்தி கடற்கரை எதிரே நிற்கும் வில்சன் கல்லூரியை அறியாத மும்பைத் தமிழர் இருக்க மாட்டார். அந்தக் கல்லூரியில் ஒரு காலத்தில் கணிதம் கற்பித்தவர் ரகுநாத் தோண்டோ கார்வே. ஏழைத் தாய்மார்களுக்காகப் பேசியதால் அவர் உத்தியோகத்தை இழந்தார். கோர்ட்டுப் படி ஏறினார். அபராதமும் கட்டினார்.

இன்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. இதற்கு அரசாங்கம் பணம் கொடுப்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. ஆனால் இது சுலபமாக வந்துவிடவில்லை. கார்வேயின் வாழ்க்கையைப் படித்தால் அது விளங்கும்.

தாயை இழந்த சிறுவன்

ரகுநாத் 1882-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் கொங்கணக் கடற்கரையில் உள்ள முருத். தந்தை தோண்டோ கேசவ் கார்வே, விதவைகளின் மறுவாழ்வுக்கும் பெண் கல்விக்கும் உழைத்த பெரியவர். 1916-ல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் கண்டவர். 1958-ல் பாரத ரத்னா விருது பெற்றவர்.

தாயார் ராதாபாய் 1891-ல் பிரசவத்தின்போது காலமானார். அப்போது ரகுநாத்துக்கு வயது ஒன்பது. பிற்காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலையை நினைக்கும்போது, இந்தச் சம்பவத்தை மறக்க முடிவதில்லை.

புனே பெர்குசன் கல்லூரியில் பட்டம் பெற்று, பம்பாயில் கணிதப் பேராசிரியர் ஆனார். நல்ல சம்பளம், நல்ல மதிப்பு. ஆனால் வருடம் தவறாமல் பிள்ளை பெற்று உடம்பு தேய்ந்து போகும் பெண்களின் நிலை அவரை உறுத்தியது. எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்பதை முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். கல்லூரி நிர்வாகம் அதைப் பொறுக்கவில்லை. ராஜினாமா செய்யும்படி கேட்டது. அவரும் விலகினார்.

1921-ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் இதுவே முதலாவது என்று சொல்வார்கள். அதே ஆண்டில்தான் லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் தம்முடைய நிலையத்தைத் திறந்தார். இரண்டுமே தனியார் முயற்சிகள். கார்வேக்கு அரசாங்க மானியம் கிடையாது. இந்த வேலையில் மனைவி மாலதிபாய் அவருக்குத் துணை நின்றார். தங்களுக்குப் பிள்ளை வேண்டாம் என்றே இருவரும் முடிவு செய்து வாழ்ந்தார்கள்.

அம்பேத்கர் வாதாடிய வழக்கு

1927 ஜூலையில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சமூக ஆரோக்கியம் என்பது பெயரின் பொருள். வீட்டில் பேசக் கூசும் விஷயங்களை அதில் விஞ்ஞான முறையில் விளக்கினார். ஆபாசம் என்று 1931-ல் வழக்கு வந்தது. தண்டனையும் கிடைத்தது. 1934-ல் மீண்டும் வழக்கு. இம்முறை அவருக்காக வாதாட வந்தவர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கார்வே அபராதம் கட்டினார். பத்திரிகையை மட்டும் நிறுத்தவில்லை.

எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. காந்தியடிகளே செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்கவில்லை. புலனடக்கம்தான் வழி என்றார். கார்வே அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. 'குடி அரசு' ஏட்டில் கருத்தடையை ஆதரித்து எழுதினார். அவரும் அதைப் பெண் விடுதலையின் அங்கமாகவே பார்த்தார்.

சட்டசபையில் தோல்வி

ஏழைகளுக்கான நிலையம் ஒருவருடைய சட்டைப் பையை நம்பி நடக்க முடியாது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மருந்துக்காசு என்பது அன்றைய அரிசிக்காசு. அவளிடம் வாங்கினால் அவள் வரமாட்டாள். வாங்காவிட்டால் நடத்துகிறவர் கடனாளி ஆவார். இந்த முடிச்சை அவிழ்க்க அரசாங்கக் கஜானாவால்தான் முடியும்.

முதலில் அதைச் செய்தது மைசூர் சமஸ்தானம். 1930-ல் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே கருத்தடை நிலையம் திறக்க உத்தரவிட்டது. உலகில் ஓர் அரசாங்கம் இப்படிச் செய்தது அதுவே முதல் தடவை என்பார்கள்.

பம்பாய் மாகாணத்தில் அது நடக்கவில்லை. குடும்ப அளவைக் குறைக்க மக்களிடையே பிரசாரம் செய்ய வேண்டும், தேவையான வசதிகளையும் அரசாங்கமே செய்து தர வேண்டும் என்று அம்பேத்கர் கட்சியினர் 1938 நவம்பரில் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தனர். ஆதரவு 11 வாக்கு, எதிர்ப்பு 52. தீர்மானம் வீழ்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் காற்று திரும்பியது. 1952-ல் தேசிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்காக 65 லட்ச ரூபாய் ஒதுக்கினார்கள். ஒரு தேசத்தின் தேவைக்கு அது சிறு தொகைதான். ஆனாலும், கார்வே கைக்காசு போட்டுச் செய்த காரியம் அரசாங்கத்தின் கடமை என்று ஏற்கப்பட்டது. மறு ஆண்டு, 1953 அக்டோபர் 14-ந் தேதி கார்வே காலமானார். அவரோடு அவருடைய பத்திரிகையும் நின்றது.

பணமும் விருப்பமும்

அரசாங்கம் பணம் போட்டால் மட்டும் போதாது என்பதையும் நாடு பின்னர் பார்த்தது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், கணக்குக் காட்டுவதற்காக ஏழைகளைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். கார்வே கேட்டது அதுவல்ல. வருகிறவரின் விருப்பத்துக்குத்தான் அவர் முதல் இடம் கொடுத்தார்.

ஆகவே பட்ஜெட்டில் குடும்ப நலத்துக்குப் பணம் ஒதுக்கும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தாராவியிலோ கோலிவாடாவிலோ உள்ள ஏழைப் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில் அந்தப் பணம் மருந்தாக, டாக்டராக வந்து சேருகிறதா? அங்கே அவள் வேண்டும் என்றால் கொடுத்து, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் கார்வே 1921-ல் தொடங்கிய வேலை நிறைவேறியதாகும்.