வறுமையிற் பிறந்த பேரச்சம்

1937 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆம் நாள், அமெரிக்காவின் புரோவிடென்ஸ் நகரில், 46 வயதே நிரம்பிய எழுத்தாளர் ஒருவர் குடற் புற்றுநோயால் உயிர்நீத்தார். நூலுருவில் வெளிவந்த தம் கதையென ஒன்றை மாத்திரமே அவர் கண்டிருந்தார். அதுவும் சில நூறு பிரதிகளைத் தாண்டவில்லை. தம் எழுத்து தோல்வியுற்றதென்றே அவர் எண்ணியிருந்தார். அவரே எச். பி. லவ்கிராப்ட்.

1890 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 ஆம் நாள் அதே நகரிற் பிறந்த அவருக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே தந்தையார் சித்தங் கலங்கி மருத்துவமனை புகுந்தார். 1898 இல் அங்கேயே இறந்தார். பாட்டனார் 1904 இல் மறைந்ததும் குடும்பம் செல்வமிழந்து, வாழ்ந்த மாளிகையையும் இழந்தது. நோயால் உயர்பள்ளிப் படிப்பு நின்றது. தாயாரும் 1919 இல் அதே மருத்துவமனைக்குச் சென்று, 1921 இல் அங்கேயே மாண்டார்.

பிறருடைய கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுத்துக் கிடைத்த சிறு ஊதியமே அவருக்குச் சோறிட்டது. 1924 இல் மணஞ்செய்து நியூயோர்க் சென்றார். வேலை கிட்டாது வாடி, 1926 இற் பிறந்த ஊருக்கே மீண்டார். அவர் வாழ்விற் கறையும் உண்டு. பிற இனத்தவர்மீது அவர் கொண்ட வெறுப்பு கடிதங்களிலும் கதைகளிலும் படிந்து கிடக்கின்றது. யூதகுலப் பெண்மணியை மணந்தும் அது அகலவில்லை. அவரைப் போற்றுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

ஊர் திரும்பிய அவ்வாண்டிலேயே 'க்துலுவின் அழைப்பு' என்னுங் கதையை எழுதினார். பசிபிக் கடலடியில் மூழ்கிய கல்நகரொன்றில் ஒரு பூதம் உறங்குகின்றது. அதன் கனவுகள் தொலைவிலுள்ள மனிதரின் உறக்கத்தைக் கலைக்கின்றன. பழைய ஏடுகளைத் தொகுக்கும் ஒருவன் இவ்வுண்மையைத் துண்டு துண்டாக அறிகின்றான். இங்கே அச்சந் தருவது பூதமன்று. அண்டப் பெருவெளியில் மனிதன் ஒரு பொருட்டேயல்லன் என்னும் எண்ணமே. 'வியர்ட் டேல்ஸ்' சஞ்சிகை இதனை முதலில் மறுத்துப் பின்னர் 1928 பெப்ரவரியில் வெளியிட்டது.

அவர் மறைந்தபின், 1939 இல், நண்பர் இருவர் பதிப்பகம் நிறுவி அவர் கதைகளை நூலாக்கினர். புகழ் மெல்லப் பரவியது. ஆயினும் இந்தக் கதையைப் படமாக்குதல் அரிதென்றே பலர் கருதினர். கடலிலிருந்து எழும் நகரையும், மலையொத்த உருவையும் காட்டப் பெரும்பொருள் வேண்டுமன்றோ?

2005 இல், அவர்பாற் பற்றுக்கொண்ட அன்பர் கழகமொன்று அச்செயலை மிகச் சொற்பச் செலவில் முடித்தது. அன்ட்ரூ லீமன் இயக்கிய அப்படம் 47 நிமிடமே ஓடுவது. 1928 இலேயே இக்கதை படமாகியிருந்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறே, கறுப்பு வெள்ளையில், பேசாப் படமாக அதனை அமைத்தனர். கையாற் சமைத்த காட்சிகளே கல்நகராயின. சிறு பொம்மையை அணுவணுவாக நகர்த்திப் படம்பிடிக்கவே பூதம் நடந்தது. குரல் இல்லாமையும் நிழலின் மங்கலும் குறையாகத் தோன்றவில்லை. சொல்லாமற் சொல்லும் லவ்கிராப்டின் முறைக்கு அவையே துணைநின்றன.

பணமின்றி வாழ்ந்தவருடைய கதைக்குப் பணமின்றியே ஒரு நற்படம் வாய்த்தது. அதனைக் காண அவர்தாம் இருக்கவில்லை.